நான்காம் மாடிக்கு ஆத்தங்குடிக் கல் ஏறுமா?

மேற்கு மாம்பலத்தில் இருபது வருஷத்துக்கு முன் கட்டிய அடுக்ககம். நான்காவது மாடி, 900 சதுர அடி. தரை ஆங்காங்கே பொங்கிக்கொண்டு நின்றது, விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டது. மொத்தத்தையும் பெயர்த்துவிட்டுப் புதுத் தரை போட வேண்டிய நிலை. மூன்று மாதமாக எனக்கும் அம்மாவுக்கும் வீட்டில் இதே பேச்சுதான்.

டைல்ஸ் கடைக்குப் போனால் அரை மணி நேரத்தில் முடிகிற காரியம். நான் இழுத்தடித்ததற்குக் காரணம் இருக்கிறது. சென்னை மட்டுமில்லை, பினாங்கு, ஹோ சி மின் நகரம், பாங்காக் என்று நம் பக்கத்து நகரங்கள் எல்லாமே மாடிக்கு மேல் மாடியாக வளர்கின்றன. இனி நகரத்தில் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தவழப்போவது அடுக்ககத் தரையில்தான். ஆத்தங்குடிக் கல் என்பது சிமெண்டில் கையால் வார்க்கும் பூப்போட்ட தரைக்கல், அதாவது பூக்கல். வளவுகள் என்கிற செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்காகப் பிறந்த அந்தக் கைவேலை நான்காவது மாடியில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் காலடிக்கு வர முடியுமென்றால் அதற்கு எதிர்காலம் உண்டு. வர முடியாவிட்டால், உல்லாச விடுதிகளின் வரவேற்பறையோடும் உணவகச் சுவர்களோடும் அது நின்றுவிடும். எனக்கு ஆத்தங்குடிக் கல் மேல் பாசம் உண்டு. அதனாலேயே அதற்கு எதிரான கணக்கையும் ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தேன்.

விட்ரிஃபைட்: எதிராளியின் நியாயம்

முதலில் விட்ரிஃபைட் டைல்ஸ். இந்தியாவில் விற்கும் செராமிக் ஓடுகளில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உருவாகிறது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் பொடியைப் பலமாக அழுத்தி, ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் துகள்கள் கண்ணாடிபோல இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அது தன் எடையில் 0.5 சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சுவதில்லை. சாம்பார் கொட்டினால் துடைத்துவிட்டுப் போகலாம். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மஞ்சள் எதற்கும் பயமில்லை. கனம் 9 அல்லது 10 மில்லிமீட்டர்தான். பதிக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் கிடைக்கிறார்கள்.

கைவேலையை நேசிக்கிறவர்கள் இந்த ஓட்டை ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண் தரையிலும் பொரிந்துபோன சிமெண்ட் தரையிலும் காலம் தள்ளிய லட்சக்கணக்கான வீடுகளுக்கு, துடைத்தால் சுத்தமாகிற ஒரு தரையைக் கட்டுப்படியாகிற விலையில் கொடுத்தது இதுதான். அந்த மரியாதையை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

குறை என்னவென்றால், பளபளப்பான ரகத்தில் சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வழுக்கும். எழுபது வயதைத் தாண்டிய அம்மா இருக்கிற வீட்டில் அது சின்ன விஷயமில்லை. இரண்டாவது, ஐந்து வருஷம் கழித்து ஒரு ஓடு உடைந்தால் அந்த டிசைன் கடையில் இருக்காது. மூன்றாவது, ஓட்டின் அடிப்பரப்பு முழுக்கப் பசை பரவாவிட்டால் பொள்ளல் விழும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். கட்டியவர்கள் நான்கு மூலையிலும் ஓர் உருண்டைக் கலவையை வைத்து ஓட்டை அமுக்கியிருக்கிறார்கள். பெயர்த்துப் பார்த்தபோது நடுவில் காற்றுதான் இருந்தது. இது ஓட்டின் குற்றமில்லை, அவசரத்தின் குற்றம். ஆனால் வேகமாகப் பதிக்கலாம் என்று விற்கப்படும் பொருளில் அவசரமும் சேர்ந்தேதான் வருகிறது.

அச்சடித்த 'ஆத்தங்குடி'

எனக்கு மனம் வலித்தது அடுத்த வரிசையில். 'ஆத்தங்குடி டிசைன்' என்றே பெயர் ஒட்டி, 2 அடிக்கு 2 அடி ஓட்டில் பூக்களை அச்சடித்து வைத்திருந்தார்கள். இப்போது செராமிக் ஓடுகளில் காகிதத்தில் அடிப்பதுபோலவே டிஜிட்டல் மை தெளித்து எந்தப் படத்தையும் ஏற்றிவிடலாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் இணைப்புக் கோடுகூட அச்சில் வருகிறது. கறை பிடிக்காது, எடை குறைவு, பார்க்க அதேபோல இருக்கிறது, பிறகு என்ன என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

எனக்கு இதில் இரண்டு மறுப்பு உண்டு. ஒன்று பொருளைப் பற்றியது. ஆத்தங்குடிக் கல்லில் நிறம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. முப்பது வருஷம் மிதித்துத் தேய்ந்தாலும் அடியில் வருவது அதே நிறம்தான். அச்சு ஓட்டில் நிறம் ஒரு மெல்லிய படலம். ஒரு பாத்திரம் விழுந்து பொரிந்தால் பூவின் நடுவில் ஓட்டின் உடல்நிறம் எட்டிப்பார்க்கும், கடைசிவரை அப்படியேதான் இருக்கும்.

மற்றது நியாயத்தைப் பற்றியது. ஆத்தங்குடியில் ஒரு பூ வாழ்வது உலோக அச்சில். தகட்டை வளைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அறை வரும்படி பற்றவைத்து அந்த அச்சைச் செய்வது தனி வேலை. கல் விற்றால் அச்சு புழங்கும், தேய்ந்தால் புதிதாக ஒன்று செய்வார்கள். பூவைப் படமாக எடுத்துக்கொண்டு போனவர்களிடமிருந்து அந்தப் பட்டறைக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வருவதில்லை. நெசவில் இதே சிக்கல் வந்தபோது, சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்க 1985-இல் மத்திய அரசு ஒரு சட்டமே போட்டது. அதை எவ்வளவு தூரம் அமல்படுத்துகிறார்கள் என்பது வேறு பேச்சு. தரைக்கல்லுக்கு அப்படி ஒரு வேலியும் கிடையாது. எனவே பட்டியலில் இருந்து நான் முதலில் அடித்தது இதைத்தான். வெறும் சாம்பல்நிற விட்ரிஃபைட் போட்டாலும் போடுவேன், இதைப் போடமாட்டேன்.

கண்ணாடி மேல் பூக்கிற கல்

ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். அங்கே வேலை நடப்பதை ஒருமுறையாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துச் சட்டத்துக்குள் வைக்கிறார்கள். அதன்மேல் உலோக அச்சு. வெள்ளை சிமெண்டும் மணலும் ஆக்சைடு நிறமும் கரைத்த குழம்பைச் சின்னக் கரண்டியால் அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுகிறார்கள். அப்புறம் அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, கலவையை அப்பி மட்டம் பார்த்து எடுத்து வைக்கிறார்கள். அது இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறுகிறது. கடைசியில் கண்ணாடியை உரித்தால் அதன் பளபளப்பை அப்படியே வாங்கிக்கொண்டு பூ தெரிகிறது. மெருகேற்றும் இயந்திரம் எதுவும் கிடையாது.

பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆயிரம் வருஷம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கல்லின் வயது ஏறக்குறைய நூறுதான். சிமெண்ட் பூக்கல் செய்யும் வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிறந்தது. பர்மா, இலங்கை, மலாயா என்று வட்டித்தொழில் செய்து திரும்பிய நகரத்தார் பெரிய வீடுகளைக் கட்டியபோது, சிமெண்ட், ஆக்சைடு, கண்ணாடி என்ற அந்தக் காலத்துப் புதுப்பொருள்களை உள்ளூர் மணலோடு சேர்த்து நம் ஆட்கள் தங்கள் கைப்பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வீடுகளின் சுவரில் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த பீங்கான் ஓடுகள் இருக்கும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் நடந்தால் அதே வகை ஓடுகளையும் பூக்கற்களையும் பார்க்கலாம். ஹோ சி மின் நகரத்தின் பழைய வீடுகளிலும் பூக்கல் உண்டு. வியட்நாமிய மொழியிலும் அதன் பெயரில் பூ இருக்கிறது. இன்று அங்கே புதுக் காபிக்கடைகளிலும் அதே கல்லைப் பதிக்கிறார்கள். துறைமுகம் துறைமுகமாக, ஆசிய நகரங்கள் சேர்ந்து வளர்த்த கல் இது. தன் காலத்தில் அது நவீன வடிவமைப்பாகத்தான் வந்தது. அதனால் இன்னொருமுறை அது இடம் மாறி மாடி ஏறுவதில் மரபுக் குறைவு எதுவும் இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். கல்லின் கனம் சுமார் 20 மில்லிமீட்டர். சதுர அடிக்கு 4 கிலோ வரும். அடியில் 35 மில்லிமீட்டர் கலவைப் படுகை, அது இன்னொரு 6 அல்லது 7 கிலோ. ஆக, சதுர அடிக்கு 10 கிலோவைத் தாண்டுகிறது. விட்ரிஃபைட் ஓடு மட்டும் 2 கிலோதான், பசையில் ஒட்டினால் மேலே அதிகம் ஏறாது. பழைய தரையின் மேலேயே ஆத்தங்குடிக் கல்லைப் பதித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தளம் சுமக்க வேண்டிய நிரந்தர எடை கூடும், கதவுகளின் அடியை அறுக்க வேண்டிவரும், வாசல்படியில் கால் தடுக்கும்.

ஆனால் எங்கள் வீட்டில் பழைய ஓட்டை மட்டும் பெயர்க்கவில்லை. அதற்கடியில் இருந்த 40 மில்லிமீட்டர் கலவையையும் தளம் தெரியும்வரை கொத்தி எடுத்தோம். இறங்கிய எடை சதுர அடிக்கு 9 கிலோவுக்கு மேல். ஏறப்போவது கிட்டத்தட்ட அதே அளவு. கட்டுமானப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டது இந்தக் கணக்கினால்தான். நீங்களும் ஒரு பொறியாளரைக் கேட்காமல் மாடி வீட்டில் இதைத் தொடாதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, கல்லின் விலையை ஓட்டின் விலையோடு ஒப்பிடுவது தப்புக்கணக்கு. 12 அங்குலக் கல் சதுர அடிக்கு ஒன்று. 10 அங்குலம் என்றால் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு, 8 அங்குலம் என்றால் இரண்டேகால். அதற்குமேல் காரைக்குடியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் லாரி வாடகை, வழியில் உடைகிறவை, கலவை, பதிக்கிற கூலி, மாடிக்குத் தூக்குகிற கூலி. எங்கள் லிஃப்டில் நான்கு பேர்தான் நிற்கலாம், பாரம் ஏற்ற விடமாட்டார்கள். எல்லாம் கூட்டினால் எனக்கு வந்த தொகை நல்ல விட்ரிஃபைட் தரையைவிடக் கணிசமாக அதிகம். மலிவாகும் என்று நம்பி யாரும் இதில் இறங்கக் கூடாது.

பராமரிப்பும் வேறு. இது சிமெண்ட், எனவே புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே கிடந்தால் பளபளப்பு போய்விடும். கழிவறை கழுவும் அமிலம் பட்டால் கல்லே அரிக்கும். தினமும் வெறும் தண்ணீரில் துடைக்க வேண்டும், எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தேய்ப்பு. நாளாக ஆக மினுமினுப்புக் கூடும். எண்ணெய் போட்ட அன்று ஈரக்காலோடு நடந்தால் இதுவும் வழுக்கும், அதை மறைக்கக் கூடாது.

இன்னும் இரண்டு நம்பிக்கைகளைத் திருத்த வேண்டும். சூளையில் சுடாத கல், அதனால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கே இல்லை என்கிறார்கள். கல்லைச் சுடுவதில்லைதான், ஆனால் அதிலுள்ள சிமெண்ட் 1,450 டிகிரியில் வெந்து வந்தது. மோர்பியிலிருந்து 2,000 கிலோமீட்டர் வருவதற்கும் காரைக்குடியிலிருந்து வருவதற்கும் வித்தியாசம் உண்டு, அதற்குமேல் பெருமை பேச எனக்குத் துணிவில்லை. அடுத்தது குளிர்ச்சி. தரைத்தளத்தில் அடியில் மண் இருப்பதால் குளுமை வருகிறது. நான்காவது மாடியில் அடியில் இருப்பது மூன்றாவது மாடிக்காரரின் கூரை. அங்கே எந்தக் கல்லும் செட்டிநாட்டு வளவின் குளுமையைத் தராது.

மற்ற இரண்டு வழிகள்

பூக்கல்லிலேயே இன்னொரு வகை, இயந்திர அழுத்தத்தில் செய்வது. மும்பையில் பாரத் ஃப்ளோரிங்ஸ் என்ற நிறுவனம் 1922-இல் சுதேசி உணர்வோடு தொடங்கப்பட்டு இன்றும் அதைச் செய்கிறது. அழுத்துவதால் கல் இறுக்கமாகவும் அளவு பிசகாமலும் வரும். ஆத்தங்குடிக் கல்லில் அங்குமிங்கும் மயிரிழை ஏற்றத்தாழ்வு இருக்கும், பதிப்பவர்தான் கையால் சமன்செய்ய வேண்டும். ஆட்கள் நிறைய நடமாடும் கடை, பள்ளி, அலுவலகம் என்றால் அழுத்திய கல்லைத்தான் சொல்வேன். கண்ணாடி தரும் அந்த மினுமினுப்பு மட்டும் அதில் வராது.

ரெட் ஆக்சைடு தரையில்தான் நான் வளர்ந்தேன். கும்பகோணத்தில் தாத்தா வீட்டுக் கூடம், வெயில் காலத்தில் மத்தியானம் பாய்கூட இல்லாமல் படுத்துக்கொள்வோம். மனசு அங்கேதான் முதலில் போனது. ஆனால் அது ஒரே விரிப்பாக வார்க்கிற தரை. அடுக்ககத் தளம் லேசாக அசைந்தாலும் நடுவில் விரிசல் ஓடும். பட்டை வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்து வார்த்தால் தாங்கும் என்கிறார்கள். அதைவிடப் பெரிய தடை ஆள். கரணையால் எந்த நேரத்தில் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கொத்தனார்கள் வயதானவர்களாகிவிட்டார்கள். நான் விசாரித்த மூன்று பேரில் இருவர் வேலையை விட்டுவிட்டார்கள், ஒருவர் மகனோடு டைல்ஸ் பதிக்கப் போகிறார்.

ஜப்பானின் கனஸவா நகரம் 1989-இல் உதத்சுயாமா என்ற இடத்தில் ஒரு கைவினைப் பட்டறையைத் திறந்தது. மட்பாண்டம், அரக்குவேலை, சாயம், உலோகம், கண்ணாடி என்று இளைஞர்களை அங்கே பழக்குகிறார்கள். நகரமே பொறுப்பேற்று அடுத்த தலைமுறைக் கையைத் தயார்செய்கிறது. நம் ஊரில் ஒரு நல்ல தரை வார்க்கிற கொத்தனாருக்குச் சிஷ்யன் கிடைப்பது அவருடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தனிவீடும் தேர்ந்த கொத்தனாரும் வாய்த்தவர்கள் யோசிக்காமல் ரெட் ஆக்சைடு போடுங்கள். எனக்கு இரண்டும் இல்லை.

இடித்த வீட்டுச் சாமான்களை வாங்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தூண், கதவு, ஜன்னல் எல்லாம் கிடைக்கும். சீனாவின் நிங்போ அருங்காட்சியகத்தைக் கட்டடக்கலைஞர் வாங் ஷு கட்டியபோது, இடிக்கப்பட்ட கிராமங்களின் செங்கலையும் ஓடுகளையும் அள்ளிவந்து சுவர் எழுப்பினார். 2008-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் சுவரைப் படத்தில் பார்த்தாலே தொண்டை அடைக்கும். ஆனால் அங்கே ஊர்கள் ஏற்கனவே இடிந்திருந்தன. செட்டிநாட்டில் இன்னும் வீடுகள் நிற்கின்றன, அந்த ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் தூணுக்கு நல்ல விலை கொடுக்கக் கொடுக்க, நிற்கிற வீட்டைவிடப் பிரித்த வீடு லாபம் என்ற நிலை வந்துவிடும். பதித்த பூக்கல்லை உடையாமல் பெயர்ப்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம். புதுக்கல் வாங்கினால் இன்று வேலை செய்கிறவருக்குக் கூலி போகிறது. அதனால் புதுக்கல்தான்.

எங்கள் முடிவு

கூடம், பூஜை இடம், அம்மாவின் அறை மூன்றும் சேர்ந்து 350 சதுர அடிக்கு ஆத்தங்குடிக் கல். சமையலறை, குளியலறை, பால்கனி எல்லாம் சொரசொரப்பான, வழுக்காத விட்ரிஃபைட். என் அறைக்கும் அதுவே போதும், பணம் அங்கே மிச்சம். முழு வீட்டுக்கும் பூக்கல் போடும் வசதி எனக்கில்லை. சுவரில் நான்கு கல்லை அலங்காரமாக ஒட்டிவிட்டுத் திருப்திப்பட மனமுமில்லை. தினமும் கால் படுகிற இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இதே வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விட்ரிஃபைட் வீட்டில் தரை முடித்துத்தான் பெயிண்ட் அடிப்பார்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கடைசியில் பதிக்க வேண்டும். பட்டி, பெயிண்ட், மரவேலை எல்லாம் முடிந்தபின்தான். இல்லையென்றால் கறை ஏறிவிடும், அப்புறம் யாராவது அமிலம் ஊற்றித் துடைக்கப் போவார்கள். ஒப்பந்தக்காரர் முதலில் முறைப்பார். இந்த வரிசைக்கு ஒத்துக்கொள்கிற ஒருவரைப் பிடிப்பதுதான் எனக்குக் கல்லைத் தேடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பதிப்பவரும் ஏற்கனவே பூக்கல் பதித்தவராக இருக்க வேண்டும். முடிவு செய்வதற்கு முன் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இருக்கும் செட்டிநாட்டு வீட்டுக்குப் பெரியவர்களை ஒருதடவை கூட்டிப்போய்விட்டு வாருங்கள்.

நாங்கள் போனோம். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "பூ ஓரத்துல மட்டும் இருக்கட்டும். நடுவுல பூவை மிதிச்சு நடக்க எனக்கு மனசு வராது" என்றாள். எனவே நடுவில் தனிச் சிவப்பு, சுவரோரம் மட்டும் பூவரிசை. தனிநிறக் கல்லுக்கு வேலை குறைவு என்பதால் செலவும் கொஞ்சம் இறங்கியது. 10 அங்குலத்தில் 504 கல் வேண்டும், உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 545 சொல்லியிருக்கிறோம். அதற்குமேல் 15 கல் தனியாக. அடுத்த தடவை கரைக்கிற சிவப்பு இதே சிவப்பாக இருக்காது என்று பட்டறையில் சொன்னார்கள், அதனால் அந்தப் பதினைந்தும் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கப்போகிறது.